கொழுந்துப் பருத்தி

“என் பருத்தி போகப் போகுதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

திருமலைக்கொழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே வரவில்லை. மூச்சு வாங்கியது. வயலிலிருந்து நேரே வந்திருந்தார், செருப்பில் கரிசல் மண் அப்பியிருந்தது.

சங்கரவடிவு மேசைமேல் கறுப்புத் துணியை விரித்து, அதில் பஞ்சைப் பிரித்து வைத்து இழை பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“தெரியும்” என்றார்.

“எப்ப இருந்து?”

“நீங்க முதமுதல்ல பூவைக் கலப்பு பண்ணுன அன்னைக்கு இருந்து.”

கொழுந்து வாசல் நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

*

கரிசல்காட்டு நடுவே இருந்தது அந்தப் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை. கண்ணுக்கு எட்டின மட்டும் கறுப்பு மண். மாசி மாதமானால் அந்தக் கறுப்பின்மேல் வெள்ளை பூத்துக் கிடக்கும்.

கொழுந்து அந்தப் பண்ணையில் விதைப் பரிசோதனைப் பிரிவில் காலம் தள்ளியவர். வருகிற விதையை ஈரத்தாளில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பது வேலை. நாற்பது வயது தாண்டினபிறகு ஓர் ஆசை வந்து பிடித்துக்கொண்டது. அடுத்தவன் செய்த பருத்தியை முளைக்கவைத்துப் பார்த்தது போதும். ஓய்வு பெறுவதற்குள் தன் கையால் ஒரு பருத்தி செய்துவிட வேண்டும்.

அதற்காக அவர் தேடிப் போனது, பண்ணையில் புது ரகங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த சங்கரவடிவிடம். கொழுந்தைவிட எட்டு வயது இளையவர். பண்ணையில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கொழுந்து கண்டுகொள்ளவில்லை. முதல் நாளே அவர் எதிரில் போய் நின்று, “எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அ, ஆவிலேயிருந்து சொல்லிக் குடுங்க” என்றார்.

சங்கரவடிவு சொல்லிக் கொடுத்தார். மறுநாள் மலரப்போகிற மொக்கை முதல்நாள் சாயங்காலமே கண்டுபிடிப்பது எப்படி. நகத்தால் கீறி ஆண் பாகத்தை மட்டும் உரித்தெடுப்பது எப்படி. காகிதக் குல்லா போட்டு மூடிவைத்து, காலையில் வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவுவது எப்படி. அதிலிருந்து வரும் விதையை விதைத்து, முளைத்ததில் வேண்டாததைப் பிடுங்கி, வேண்டியதை மறுபடி விதைத்து, மறுபடி பிடுங்கி… அப்படியே வருடங்கள் ஓடின.

கடைசியில் ஒரு பருத்தி நின்றது. நெஞ்சு உயரச் செடி. எலுமிச்சங்காய் பருமனில் காய். காகிதத்தில் அதற்கு ஓர் எண் இருந்தது. ஆனால் அந்த எண்ணை யாரும் சொல்லவில்லை. கொழுந்து எந்நேரமும் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளின் காட்டிலேயே கிடந்ததால் அவர்களாகவே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

கொழுந்துப் பருத்தி.

கடையில் விதை கேட்கும்போது தன் பெயரைச் சொல்லிக் கேட்பதை அவர் ஒருமுறை காதால் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியைக் கோட்டைவிட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றிப் போனார்.

அதே வருடங்களில், அதே பண்ணையின் மறுகோடியில் சங்கரவடிவும் ஒரு பருத்தி வளர்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக்கூட வராத செடி. பக்கக் கிளை கிடையாது. காயெல்லாம் தண்டோடு ஒட்டிக்கொண்டு, ஒரே சமயத்தில் வெடிக்கும். ஊர்க்காரர்கள் அதைக் குட்டைப் பருத்தி என்றார்கள். அவர் பெயரை யாரும் அதோடு சேர்க்கவில்லை.

இன்று காலையில் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. வருகிற பருவத்திலிருந்து பண்ணையில் குட்டைப் பருத்திக்கு மட்டுமே விதை எடுக்க வேண்டும். கொழுந்துப் பருத்தி நிறுத்தப்படுகிறது.

*

“தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்குச் சொல்லித் தந்தீங்களா?”

“ஆமா.”

“எதுக்கு?”

சங்கரவடிவு எழுந்து வெளியே போனார். கொழுந்து அங்கேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அவர் முன்னால் கையை விரித்தார். உள்ளங்கையில் நாலைந்து காய்கள். சுண்டைக்காய் அளவு. வேலியோரம் நிற்கும் காட்டுப் பருத்தியின் காய்.

“இதுல நூல் எடுங்க சார்.”

அவர் கொடுத்தால் வாங்கிப் பழகின கை. கொழுந்து வாங்கினார். நகத்தால் உடைத்தார். உள்ளே கறுத்த விதை. அதன்மேல் பழுப்பாக, பூனைக்குட்டியின் காதில் இருக்குமே அதுபோல, கொஞ்சம் ரோமம். பிடித்து இழுத்தார். வரவில்லை. விதையோடு ஒட்டிக் கிடந்தது.

“இதுல நூல் இல்ல.”

“நல்லாப் பாருங்க.”

“இத்தனை வருசமா பருத்திதான் பாக்கேன். இதுல நூல் இல்ல மேடம்.”

“இதுமாதிரி ஒண்ணுல நூல் இருக்குன்னு முதமுதல்ல யாரோ பாத்திருக்காங்களே.”

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் கறுப்புத் துணிமுன் உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்து காய்களை மேசைமேல் போட்டார்.

“நான் கேட்டது வேற” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

*

பிறகு பல நாள் அவர் சங்கரவடிவின் அறைப் பக்கம் போகவில்லை.

பண்ணையின் மறுகோடிக்கும் போகவில்லை. அது புதிதில்லை. குட்டைப் பருத்தி நின்ற பாத்தியை அவர் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. வரப்பில் போகும்போது அந்தப் பக்கம் வந்தால் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒன்றே ஒன்றை மட்டும் பக்கத்து அறைக்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். குட்டைப் பருத்தியின் தாய் எது, தகப்பன் எது என்று. தன் பருத்தியின் ரத்தம் அதில் துளியாவது ஓடினால் மனசு கொஞ்சம் ஆறுமே என்று ஒரு நப்பாசை.

இல்லை. தாய் எங்கேயோ வடக்கே இருந்து வந்தது. தகப்பன் வேறு எதுவோ. கொழுந்துப் பருத்திக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அன்றைக்கு முடிவு செய்தார். வேலையை விட்டுவிட வேண்டியதுதான். இன்னும் சில வருடம் பாக்கி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

சொல்லிக்கொள்ளப் போனபோது சங்கரவடிவு பழைய ரகங்களின் பாத்தியில் நின்றார். பண்ணை தொடங்கின நாளிலிருந்து அந்தச் சீமையில் விளைந்த பருத்தி ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு வரிசை உண்டு. விதையை மூட்டைகட்டி வைத்தால் செத்துப்போகும். அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை விதைத்து, அடுத்த செடியின் மகரந்தம் சேராதபடி பூவின் வாயை நூலால் கட்டி, விதை எடுத்து வைப்பார்கள். யாரும் வாங்காத விதை.

“மேடம், நான் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லலாம். இந்த வரிசையை என்கூட ஒருதடவை நடந்து வாங்க.”

நடந்தார்கள்.

முதல் வரிசை கருங்கண்ணி. விரல் விரலாய்ப் பிளந்த இலை. வெடித்த காய்கள் தலைகவிழ்ந்து தொங்கின.

“இது எதுக்கு வந்துச்சு சார்?”

பரீட்சை வைக்கிறாரா என்று கொழுந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

“வானத்தை நம்பி இருந்த காலத்துக்கு. காய் கவுந்து நிக்கதால மழை பெஞ்சாலும் பஞ்சு நனையாது. வேர் ஆழத்துக்குப் போயி ஈரம் தேடும். ஒரு பூச்சி அண்டாது.”

“ஏன் போச்சு?”

“இழை கட்டை. மில்லு வந்துச்சு. மில்லுக்காரன் நீளமா கேட்டான்.”

அடுத்தது கம்போடியாப் பருத்தி.

“இது?”

“மில்லுக்கு. கப்பல்ல வந்தது. நம்ம மண்ணுல பழக்கி எடுத்தாங்க. ஆனா தண்ணி நெறையக் குடிக்கும். கிணறு உள்ளவன் போட்டான், இல்லாதவன் வாயப் பாத்தான்.”

அடுத்த வரிசையில் கொழுந்து தானாகவே நின்றார். வெடித்திருந்த ஒரு காயிலிருந்து பஞ்சை இழுத்தார். இரண்டு விரலுக்கும் நடுவில் அது பட்டுப்போல நீண்டுகொண்டே போனது.

“மெலிசு நூலுக்குன்னு செஞ்சது. இப்படி ஒரு இழையை மனுசன் செஞ்சானா சாமி செஞ்சுச்சான்னு இருக்கும். தத்துப்பூச்சி வந்துச்சு, இலையெல்லாம் சுருண்டு செவந்து போச்சு.”

அதற்கடுத்து ஒட்டு ரகங்கள் இருந்தன. காய்ப்புழுவுக்குப் பயப்படாத பருத்தி இருந்தது. அது வந்த வருடங்களில் மருந்தடிக்கிற வேலை எப்படிக் குறைந்தது, பிற்பாடு அந்தப் புழுவே எப்படிப் பழகிக்கொண்டது என்று கொழுந்து சொன்னார். அவரை அறியாமல் குரல் இளகியிருந்தது. கோபத்தோடு வந்தவர் என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது.

ஒரு வரிசையில் மட்டும் அவர் நிற்கவில்லை. தாண்டிப் போகப் பார்த்தார்.

“இது எதுக்கு வந்துச்சு?” என்று சங்கரவடிவு கேட்டார்.

“இதுவா… தத்துப்பூச்சிக்கு. இலையில சுணை, அந்த மெல்லிசு ரோமம், அதிகம். பூச்சி உக்கார முடியாது. ஓய்வுல போன நம்ம ஜோதிநாயகம் சார் செஞ்சது.”

“ஏன் போச்சு?”

“அந்தச் சுணைதான் வெள்ளை ஈக்குப் பிடிச்சுப்போச்சு. அடியிலே உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டு.”

“அதனாலதான் போச்சா?”

கொழுந்து கொஞ்சம் தயங்கினார்.

“என்னோடது வந்துச்சு” என்றார்.

அவருடையது அடுத்த வரிசையில் நின்றது. நெஞ்சுயரம். அதன்முன் நின்றதும் கொழுந்தின் முதுகு நிமிர்ந்தது.

“இது எதுக்கு வந்துச்சு?”

“பறிக்கவங்களுக்கு மேடம். காய் பெருசு, அஞ்சு பத்து எடுத்தா மடி நெறையும். ஓட்டு முனை மழுங்கலா இருக்கும், விரலைக் குத்தாது. குனிய வேண்டாம். ஒரேயடியா வெடிக்காம, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா வெடிக்கும். ரெண்டு மாசத்துக்குப் பறிக்கலாம்.”

“பறிக்கிறது யாரு?”

கொழுந்து பண்ணை வாசல் பக்கம் பார்த்தார்.

பண்ணை வாசலில் தினமும் காலையில் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். சுற்றுப்பட்டு ஊர்களில் பருத்தி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சாப்பாட்டுப் பையோடு ஏறிப் போவார்கள். அவரே கையசைத்து விடைகொடுத்திருக்கிறார்.

கொழுந்து வந்த காரியத்தைச் சொன்னார்.

“நான் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்.”

“சரி” என்றார் சங்கரவடிவு. “கடைசிப் பறிப்பு முடியட்டும்.”

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். சொல்லாதது இன்னும் வலித்தது.

*

பங்குனியில் ஒரு நாள் ஓர் அம்மா கொழுந்தைத் தேடிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஒரு வேட்டித்துணி மூட்டை. பெயர் வெள்ளத்தாய். மூன்று ஊர் தள்ளி, சொந்தமாகக் காடு வைத்துப் பார்க்கிறவள். கொழுந்துப் பருத்தி முதன்முதலில் வெளியே வந்த வருடமே வாங்கி விதைத்தவள்.

அவளைப் பார்த்ததும் கொழுந்துக்கு முகம் மலர்ந்தது. விதை கிடைக்கவில்லை என்று சண்டை பிடிக்க வந்திருக்கிறாள். ஒருத்தியாவது வந்தாளே.

“வாங்கம்மா. விதைக்குத்தானே? கவலைப்படாதீங்க. நான் தனியா கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். உங்களுக்குத் தாரேன்.”

“வேண்டாம் அய்யா” என்றாள் வெள்ளத்தாய். “வார புரட்டாசிக்குக் குட்டைப் பருத்திதான் போடுதோம்.”

விதை எடுக்கத் திரும்பிய கொழுந்து நின்றுவிட்டார்.

“அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“எதை?”

“மாத்துதோம்னு. இத்தனை வருசம் போட்டு எடுத்திருக்கோம். நீங்க காட்டுக்கு வந்து செடியைத் தொட்டுத் தொட்டுப் பாத்திருக்கீக. ஒரு வார்த்தை சொல்லாம மாத்துனா நல்லாவா இருக்கும்?”

மூட்டையைத் தரையில் வைத்து அவிழ்த்தாள். பஞ்சு. ஒரு சருகு இல்லை, தூசி இல்லை. அரைத்து எடுக்காத, விதையோடு இருக்கிற பருத்தி. வெயிலில் கண் கூசியது.

“கடைசிப் பறிப்பு. ஆள் கிடைக்கல. நான் ஒருத்தியாத்தான் பறிச்சேன். சுமந்து சுமந்து குறுக்கெலும்பு கழண்டு போச்சு.” அவள் சிரித்தாள். “தலையணைக்கு வச்சுக்கோங்க.”

கொழுந்து உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, கேட்காமலே சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரர் தவறுன வருசம் தெரியுமா உங்களுக்கு? கார்த்திகையில போயிட்டாரு. எனக்குப் பாயை விட்டு எந்திரிக்க மனசில்ல. சோறு பொங்கல. பிள்ளைக பக்கத்து வீட்டுல தின்னுச்சுக. தை பொறந்துச்சு, பருத்தி வெடிச்சிட்டு. அன்னைக்கு எந்திரிச்சுப் போயிப் பறிச்சேன். சரி முடிஞ்சுதுன்னு வந்து படுத்தா, அடுத்த வாரம் இன்னும் வெடிச்சு நிக்கி. மறுபடியும் எந்திரிச்சேன். அப்படியே ரெண்டு மாசம் என்னைப் படுக்க விடலய்யா அது. பங்குனி வரும்போது நான் மனுசியா ஆயிட்டேன்.”

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஒரேயடியா வெடிக்க பருத்தியா இருந்தா ஒருநாளோட முடிஞ்சிருக்கும். அப்போ எனக்கு உங்க பருத்திதான் வேணும்னு இருந்திருக்கு. இப்போ எனக்குக் குட்டைதான் வேணும். கோவிச்சுக்காதீக. வாரேன்.”

போய்விட்டாள்.

கொழுந்து மூட்டையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் நகர்ந்து அவர் கால்மேல் விழுந்தது. அப்புறம் மடிமேல் விழுந்தது.

சங்கரவடிவு அந்த வழியாக வந்தவர், அவரையும் பஞ்சையும் பார்த்து நின்றார். கொழுந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

சங்கரவடிவு முழுக்கக் கேட்டார்.

“உங்க பருத்தி வந்தப்போ நீங்க யார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்க சார்?” என்று கேட்டுவிட்டுத் தன் வழியே போனார்.

*

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பஸ் ஏறி டவுனுக்குப் போனார்.

ஜோதிநாயகம் மகள் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டது. மாதாகோயிலுக்குப் போய்விட்டு வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் பால் படிந்த மாதிரி இருந்தது.

“யாரு?”

“கொழுந்து சார். விதைப் பரிசோதனையில இருந்தேனே.”

“அடடே, கொழுந்து தம்பியா! ஈரத்தாளைச் சுருட்டிக்கிட்டே இருப்பீங்களே!”

கொழுந்து அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“சார், நான் ஒரு பருத்தி செஞ்சேன்.”

“கேள்விப்பட்டேன்.”

“உங்க சுணைப் பருத்தியைத் தாயா வச்சுத்தான் செஞ்சேன். உங்க செடி இல்லன்னா என் செடி இல்ல. அது வெளிய வந்ததும் உங்களோடதை நிறுத்திட்டாங்க. அப்போ வந்து உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், எனக்குத் தோணவே இல்ல. இப்போதான் தோணுச்சு. நன்றி சொல்லத்தான் வந்தேன் சார்.”

சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்தது.

“சுணை வந்துச்சா?” என்று ஜோதிநாயகம் கேட்டார்.

“ஆங்?”

“பிள்ளைக்கு. தாயோட சுணை வந்துச்சாங்கேன்.”

“பாதி வந்துச்சு சார். அரைச் சுணை. தத்துப்பூச்சியும் தாங்குச்சு, வெள்ளை ஈயும் ரொம்ப அண்டல.”

கிழவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

“அரைச் சுணை! நான் அதைத்தான் தம்பி தேடுனேன்! வருசக்கணக்காத் தேடுனேன். ஒண்ணு முழுசா வரும், இல்லன்னா வழுவழுன்னு வரும். உங்க கையில வந்துட்டா? எத்தனாவது தலைமுறையில வந்துச்சு?”

கொழுந்து சொன்னார். கிழவர் மறுபடி மறுபடி கேட்டார். எந்தச் செடியில் முதலில் பார்த்தது, எப்படிக் கண்டுபிடித்தது, அன்றைக்கு என்ன செய்தது. கல்யாணத்துக்குப் போகமுடியாதவர் கல்யாணத்துக்குப் போய்வந்தவரைக் கேட்கிற மாதிரி கேட்டார். மகள் காப்பி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று.

“இப்போ அது எப்படி இருக்கு?”

“அதையும் நிறுத்தியாச்சு சார்.”

“அப்படியா. வந்தது எது?”

“குட்டைப் பருத்தி. சங்கரவடிவு மேடம் செஞ்சது.”

ஜோதிநாயகம் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“எவ்வளவு குட்டை? பக்கக் கிளை இருக்கா? ஒரு செடிக்கு எத்தனை காய் நிக்குது? இலை எப்படி?”

கொழுந்து தரையைப் பார்த்தார்.

“நான் இன்னும் சரியாப் பாக்கல சார்.”

கிழவருக்கு விளங்கவில்லை. பால்படிந்த கண்களை அவர் பக்கம் திருப்பினார். கேலியே இல்லாமல், நிஜமான கவலையோடு கேட்டார்.

“ஏன் தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?”

*

மறுநாள் காலையில் பனி உலர்வதற்குள் கொழுந்து மறுகோடிக்குப் போனார்.

வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பாத்தி முழுக்க ஒரே வெள்ளைப் பரப்பு. இறங்கினார். குனிந்தார். குனிந்தும் போதவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் செடி அவர் முகத்துக்கு நேரே வந்தது.

ஒற்றைத் தண்டு. நெருக்க நெருக்கமாகக் காய். கீழேயிருந்து உச்சி வரைக்கும் ஒன்று பாக்கியில்லாமல் வெடித்து, கைநீட்டி வாங்கிக்கொள் என்று நின்றது. பக்கத்துச் செடியைப் பார்த்தார். அதுவும் அப்படியே. அதற்குப் பக்கத்தில் உள்ளதும். இத்தனை செடியை ஒரே நாளில் வெடிக்கச் சொல்லிப் பழக்குவதற்கு எத்தனை செடியைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை சாயங்காலம் மொக்கைக் கீறிக் கீறி நகக்கண் கறுத்திருக்க வேண்டும் என்று தெரியும். பாதி சாயங்காலம் சங்கரவடிவு அவருடைய பாத்தியில் அல்லவா நின்றுகொண்டிருந்தார், அவருக்கு மொக்குப் பிடித்துக் காட்டிக்கொண்டு?

“அடேயப்பா” என்றார் வாய்விட்டு.

தலைக்குமேல் நிழல் விழுந்தது. சங்கரவடிவு வரப்பில் நின்றார்.

கொழுந்து எழவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே கை இரண்டையும் கூப்பினார்.

“வேலையை விடணும்னு சொன்னீங்களே சார், கடைசிப் பறிப்பு முடிஞ்சிருச்சே?”

“ஒரு செடி வேணும் மேடம். வேரோட பிடுங்கிக்கிடட்டுமா?”

“எத்தனை வேணும்னாலும் பிடுங்குங்க” என்றார் சங்கரவடிவு.

*

சாயங்கால பஸ்ஸில் அந்தச் செடி அவர் மடியில் உட்கார்ந்து டவுனுக்குப் போனது. பக்கத்து ஸீட்டுக்காரர் சட்டையெல்லாம் பஞ்சு.

ஜோதிநாயகம் இரண்டு கையாலும் வாங்கினார். மடியில் கிடத்தினார். வேரிலிருந்து உச்சிவரை சாணால் அளந்தார். “இவ்வளவுதானா!” என்று சிரித்தார். காய்களை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். எண்ணிக்கை கூடக் கூட அவர் வாய் திறந்துகொண்டே போனது. பஞ்சை இழுத்து, விரல் நடுவே பிடித்து, அறுத்துப் பார்த்தார். பலமாக இருந்தது.

“சங்கரவடிவு… நம்ம சங்கரவடிவா செஞ்சது! நல்லா இருக்கணும். நல்லா இருக்கணும்.”

கொழுந்துக்குத் தன்னுடையதையே யாரோ மெச்சுகிறமாதிரி இருந்தது.

கடைசியாகக் கிழவர் ஓர் இலையைக் கிள்ளினார். விரலால் தேய்த்தார். நம்பாமல் மேலுதட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“தம்பி.”

“சார்.”

“சுணையே இல்லையே!”

“இல்ல சார். வழுவழுன்னுதான் இருக்கு. நானும் பாத்தேன், அங்கங்கே ஓரம் லேசா சுருண்டிருக்கு.”

“தத்துப்பூச்சி.”

“ஆமா சார். அது நெறைய வர்ற வருசம் தாங்காது.”

ஜோதிநாயகம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மடியிலிருந்த செடி கீழே விழாமல் கொழுந்து பிடித்துக்கொண்டார். எண்பது தாண்டிய அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அப்போ நமக்கு வேலை இருக்கு!” என்றார்.